பாட்டும் பந்தியும்



ஒரு புதிய சபை தொடங்கப்படும்போது ஆராதனையைப் பற்றிய கேள்விகளே முதலில் எழுகின்றன. எந்தப் பாடல்களைப் பாடுவது? எந்த இசைக்கருவிகளை வாங்குவது? வருகிறவர்கள் மனம் ஒன்றி ஆராதிக்க என்ன செய்வது? இளம் ஊழியர்கள் பலர் என்னிடம் இவற்றைக் கேட்டதுண்டு. ஒரு காலத்தில் நம் மண்ணில் முற்றிலும் புதியதாயிருந்த ஒரு சபையின் வரலாற்றையே நான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்வேன். இந்த வாரம் அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அங்கே டேனிஷ்காரருக்குச் சீயோன் ஆலயம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் ஆராதனை தமிழருடைய மொழியில் நடைபெறவில்லை. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஓராண்டு கழிந்து, 1707 ஆகஸ்ட் 14 அன்று, புதிய எருசலேம் என்னும் சிறிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அங்கே தமிழிலும் போர்த்துகீசியத்திலும் பிரசங்கம் ஒலித்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வெளிவந்தது. தேவன் தங்கள் மொழியில் தங்களோடு பேசுகிறார் என்பதை அந்தச் சிறு மந்தை அறிந்துகொண்டது.

ஆயினும் பாட்டின் காரியம் வேறாயிருந்தது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழாக்கப்பட்டு, அவற்றின் பழைய ராகங்களிலேயே பாடப்பட்டன. அவற்றின் பொருள் ஆழமானது. இன்றும் நாம் அவற்றை அன்போடு பாடுகிறோம். ஆனால் தமிழ்ப் பாட்டு குறிலையும் நெடிலையும் அளந்து நடப்பது. எதுகையையும் மோனையையும் நாடுவது. வேற்று மொழிக்கென அமைந்த ராகத்துக்குள் அது அடங்கி நின்றதே தவிர, தன் இயல்பில் நடக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரை, சுவார்ட்ஸ் ஐயர் இளவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவந்து கல்வி புகட்டினார். தஞ்சையின் இளவரசர் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் மாணவரே. சாஸ்திரியார் தம் மக்களின் செவிக்குப் பழகிய வடிவங்களையே எடுத்துக்கொண்டார். குறவஞ்சியிலிருந்து பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. வயலில் ஏற்றம் இறைப்பவர் பாடும் பாட்டு ஞான ஏத்தப்பாட்டாயிற்று. கீர்த்தனைகள் ஆராதனையிலும் வீட்டு ஜெபத்திலும் ஒலித்தன. பின்னர் 1853-இல் மதுரை மிஷனின் எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்கள் பல சபைகளுக்கும் பரவின.

இத்தோடு கதையை முடித்தால் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை.

1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் பல மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். சாஸ்திரியார் அவற்றை எதிர்த்து எழுதினார். அவருடைய முறையீடுகள் முக்கியமாக நான்கு: பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள், விழாக்களில் பூக்களை விலக்குகிறார்கள், சாதி பாராமல் எல்லாரையும் ஒன்றாய் உட்காரவும் ஒன்றாய்ப் பந்தியில் சேரவும் கட்டாயப்படுத்துகிறார்கள். இந்தப் பிணக்கின் முடிவில் அவர் தம் மிஷன் வேலையை இழந்தார்.

பிரியமானவர்களே, அந்த நான்காம் முறையீட்டைக் கடந்துபோகாதீர்கள். தரங்கம்பாடிக் காலந்தொட்டே ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. திருவிருந்துக்கு வருவதிலும் உயர்ந்தோர் எனப்பட்டவர் முந்தினர். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் இந்த வேற்றுமை ஒழியவேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

பாட்டைக் குறித்துச் சாஸ்திரியார் சொன்னது சரி; பந்தியைக் குறித்து அவர் சொன்னது சரியல்ல. மிஷனரிமார் பந்தியைக் குறித்துச் சொன்னது சரி; பாட்டைத் தடுத்தது சரியல்ல. இரு தரப்பாரும் தேவனுடைய ஊழியரே. இரு தரப்பாரும் பாதியைக் கண்டு பாதியைக் காணாதிருந்தார்கள். சாஸ்திரியாரின் பாடலைக் கண்ணீரோடு பாடும் நாம், அவருடைய தவறை மறைக்கவேண்டியதில்லை. தவறின் நிமித்தம் பாடலை எறிந்துவிடவும் வேண்டியதில்லை.

என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நானும் பாதியையே கண்டேன். புதிதாய்த் தொடங்கிய சிறு சபை. கடன் வாங்கி ஒலிபெருக்கி வாங்கினோம். வாலிபரைப் பயிற்றுவித்துப் பாடல் குழு அமைத்தோம். ஆராதனை உயிருள்ளதாயிற்று என்று மகிழ்ந்தேன். ஆலயத்தைப் பெருக்கும் வயதான தாயார் ஒருவர் வாரந்தோறும் செருப்புகள் கிடக்கும் வாசலருகே அமர்ந்து, எல்லாரும் அப்பமும் ரசமும் பெற்ற பின்பே எழுந்து வருவார். அதை நான் கவனிக்கவே ஓராண்டுக்கு மேலாயிற்று. கவனித்த நாளில், என் பாடல் குழுவைக் குறித்து எனக்கிருந்த பெருமை போயிற்று. மறு வாரம் நானே வாசலுக்குச் சென்று அவரை அழைத்துவந்து முன்வரிசையில் அமர்த்தினேன். சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு குடும்பம் அதன்பின் வரவில்லை.

கொரிந்து சபைக்கும் பாட்டில் குறைவில்லை, வரங்களில் குறைவில்லை. ஆனால் அவர்கள் கூடிய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க மற்றவன் நிறைவாயிருந்தான். அப்படிக் கூடுவது நன்மையைவிடத் தீமைக்கே ஏதுவாகும் என்று பவுல் அவர்களைக் கண்டித்தார் (1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள்).

ஆகவே புதிய சபையை நடத்தும் அன்பர்களே, உங்கள் மக்களின் மொழியையும் ராகத்தையும் தேடுங்கள். வயலிலும் பட்டறையிலும் உழைப்பவர் புரிந்து பாடக்கூடிய பாடலைத் தெரிந்தெடுங்கள். அதன்பின் ஒரு ஞாயிறு, பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கண்களைத் திறந்து பாருங்கள்: வாசலருகே அமர்ந்திருப்பவர் யார்? பந்திக்குக் கடைசியாய் வருகிறவர் யார்? உங்கள் ஆராதனை அவரையும் சேர்த்துக்கொள்ளும் நாளில்தான் அது முழுமை பெறும்.

ஜெபம்: எங்கள் பாடலின் தேவனே, எங்கள் பந்தியின் ஆண்டவரே, நாங்கள் காணாதிருக்கும் பாதியைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.