சோழபுரத்துக்காரன் எழுதும் சோழவரக் கதை

எங்கள் ஊர் சோழபுரம், ராஜபாளையத்துக்குப் பக்கம். சின்ன வயசில் பேப்பரில் 'சோழவரம் மோட்டார் பந்தயம்' என்று படித்துவிட்டு, நம்மூர் பெயரைத்தான் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நம்பினேன். கண்மாய்க்கரையில் எந்தப் பக்கம் ரேஸ் விடுவார்கள் என்றுகூட யோசித்தேன். அது சென்னைக்கு வடக்கே இருக்கிற வேற ஊர் என்று தெரிந்தபோது பெரிய ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தின் பாக்கிதான் இந்தப் பதிவு.

என் கேள்வி எளிமையானது. பணக்கார வீட்டுப் பிள்ளையாக இல்லாத ஒருத்தர் பைக் ரேஸ் ஓட்ட முடியுமா? முடிந்தது என்றால், அந்தச் செலவை யார் சுமந்தார்கள்?

முதல் விடை சோழவரத்திலேயே இருக்கு. பந்தயத்தில் மிகப் பெரிய செலவு வண்டி இல்லை, பாதை. சோழவரத்தில் அந்தச் செலவை இரண்டாம் உலகப்போர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது. போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள். இது நம்ம ஊர் சிக்கனம் மட்டும் இல்லை. 1948-ல் பந்தயம் தொடங்கிய இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் ஒரு பழைய போர் விமானத் தளம்தான்.

இரண்டாவது விடை, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். 1983-ல் ராஜ்தூத் 350, அடுத்த வருஷம் இண்ட்-சுசுகி, 1985-ல் ஆர்எக்ஸ் 100. மூன்றும் கடையில் வாங்கக்கூடிய வண்டிகள். டூ-ஸ்ட்ரோக்கில் வால்வும் கேம் ஷாஃப்டும் கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கிற துவாரங்கள்தான் காற்றையும் புகையையும் ஆள்கின்றன. அந்தத் துவாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் அகலப்படுத்தி, அதற்கேற்ற வயிறு உள்ள சைலன்ஸரை வெல்டு வைத்தால் வண்டியின் குணமே மாறிவிடும்.

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர் எண்பதுகளில் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். சோழவரத்துக்கு எடுபிடியாகப் போயிருக்கிறார். "அங்க ஓடுனது வண்டி இல்ல தம்பி, அரம்" என்பார். சிலிண்டரை ராவுகிற அரத்தைச் சொல்கிறார். அரம், வெல்டிங் செட், பொறுமை. இந்த மூன்றும் இருந்தால் பணம் இருக்கிறவன் பக்கத்தில் போய் நிற்கலாம். அறிவு மலிவாக இருந்த காலம் அது.

அப்புறம் இரண்டுமே மாறியது. கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் முறையான பந்தயப் பாதை போட்டது. 1990-ல் திறந்த அந்தப் பாதை 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஓடுதளத்தைவிடப் பாதுகாப்பு அதிகம், அதனால் அது நல்ல மாற்றம். ஆனால் சொந்தப் பாதைக்குப் பராமரிப்பும் சொந்தச் செலவுதானே. இன்னொரு பக்கம் 1996-ல் ஆர்எக்ஸ் 100 நின்றது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, டூ-ஸ்ட்ரோக்கின் காலமே முடிந்தது.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அரத்துக்கு வேலை குறைவு. கேம், வால்வு ஸ்பிரிங், கடைசியில் ஈசியூ. நான் சாஃப்ட்வேர்க்காரன், அதனால் சொல்கிறேன்: பூட்டி வைத்த ஈசியூ-வைத் திறந்து எரிபொருள் கணக்கை மாற்றி எழுதுவது பட்டறைத் திண்ணையில் முடிகிற காரியம் இல்லை.

செலவை அடக்க விதிகள் உண்டு. நம் தேசியப் போட்டியில் 165 சிசி பிரிவு இருப்பது இதனால்தான். சின்ன எஞ்சின் டயரைக் கொஞ்சமாகத் தின்னும், விழுந்தாலும் சேதம் குறைவு. ஆனால் 1982-லேயே தொழிற்சாலை அணி அமைத்த டிவிஎஸ் மாதிரி நிறுவனங்களோடு ஒரே கோட்டில் நிற்கும் தனி ஆளுக்கு சிசி வரம்பு மட்டும் எப்படிப் போதும்?

உலகம் இதற்கு இரண்டு வழி கண்டது. ஒன்று, எல்லோருக்கும் ஒரே வண்டி. 1981-ல் பிரிட்டனில் யமஹா நடத்திய போட்டியில் எந்த வண்டி யாருக்கு என்று சாவியைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். இன்னொன்று, விலை வைத்து வாங்கும் விதி. மோட்டோஜிபி 2012-ல் தனியார் அணிகளுக்குச் சலுகை கொடுத்தபோது, அவர்கள் எஞ்சினை 20,000 யூரோவுக்குப் போட்டித் தொழிற்சாலை கேட்டு வாங்கலாம் என்று வைத்தது. ரகசியமாக ரெண்டு லட்சம் யூரோ கொட்டிய எஞ்சினை இருபதாயிரத்துக்கு இழக்க யாருக்கு மனசு வரும்? யாரும் கொட்ட மாட்டார்கள். அழகான விதி.

இந்தியா முதல் வழியை எடுத்தது. டிவிஎஸ் 1994-ல் ஒன்-மேக் போட்டி தொடங்கியது. ஹோண்டாவும் வந்தது. 2021-ல் ராயல் என்ஃபீல்டு தன் 650 சிசி கான்டினென்டல் ஜிடி-யை வைத்து ஆரம்பித்தது. தேர்வுச் சுற்றில் நேரம் காட்டினால் தயார் செய்த வண்டி கிடைக்கும். ராஜபாளையத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டியை லாரியில் ஏற்ற வேண்டாம், ஹெல்மெட்டும் லெதர் சூட்டும் போதும். ஒரு ஏழைப் பையனுக்கு இது பெரிய கதவு. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு இல்லை.

ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்கணும். செலவு குறையவில்லை, கம்பெனியின் விளம்பரக் கணக்குக்கு மாறியிருக்கிறது. அந்தக் கணக்கு மூடினால் கதவும் மூடும். அதோடு, சாதாரணப் போட்டியாளர் என்றால் ஓட்டுகிறவர் மட்டும்தானா? ஒன்-மேக்கில் வண்டியைத் தொடுவது கம்பெனி மெக்கானிக். அண்ணாச்சிக்கு அங்கே இடம் இல்லை.

அதனால் என் கட்சி இது: ஒன்-மேக் இருக்கட்டும், பக்கத்திலேயே சொந்த வண்டிப் பிரிவும் சாகாமல் இருக்கணும். 165 சிசி போதும், வாங்கும் விலை விதியையும் அதில் சேர்த்துப் பார்க்கலாம். நம் ஒன்-மேக் போட்டிகளுக்கு முன்பே இங்கே ரேஸ் இருந்தது, சும்மா கிடந்த ஓடுதளத்தில், சொந்த வண்டியில்.

இதை அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "ஈசியூ-வ நீ திறந்து குடு தம்பி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.