முத்து நகரும் நாமும்



ஜூபிலி மலரில் நம் ஆலயத்தின் வரலாறும் பங்குக் குருக்களின் வரிசையும் வருவது முறை. அவை இம்மலரில் வேறு பக்கங்களில் வருகின்றன. இக்கட்டுரையில் நாம் சற்று வெளியே போய், நம் பிள்ளைகளில் பலருக்கு இன்று வேலையும் வீடும் தந்திருக்கும் தூத்துக்குடி மாநகரைப் பார்த்து வருவோம். சாத்தான்குளத்துக்காரர்களாகிய நமக்குக் கருப்பட்டி விற்கவும், துணி எடுக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், ஆயரைக் காணவும் அந்நகர்தான். ஆனால் அதன் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செம்மண் தேரியையும் பனங்காட்டையும் பின்னே விட்டு, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து, பேருந்து தாமிரபரணிப் பாலத்தின் மேல் ஏறும்போதே தூத்துக்குடியின் கதை தொடங்கிவிடுகிறது. ஆறு கொண்டுவந்த மண்தான் அந்நகரை உண்டாக்கியது என்றால் மிகையாகாது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிய கொற்கை, ஒரு காலத்தில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருந்தது. கிரேக்க மாலுமிகள் அதனைக் ‘கொல்கி’ என்று எழுதி வைத்தனர். ஆற்று மண் சேரச் சேரக் கடல் விலகிப்போயிற்று. வாணிபம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பார்த்து வியந்தது இந்தக் காயலையே. பின்னர் அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. இன்று கொற்கை வயல்களுக்கு நடுவே அமைதியான ஒரு சிற்றூர். இவ்விரண்டுக்கும் பிறகு வடக்கே தள்ளி, தீவுகளின் மறைவில் இருந்த ஒரு சிறு குடியிருப்புக்கு யோகம் அடித்தது. அதுவே தூத்துக்குடி.

கடற்கரைப் பரதவ மக்கள் 1530களில் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துக்கீசியரின் உதவியை நாடியதும், ஞானஸ்நானம் பெற்றதும், 1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்ததும் நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டவை. முத்துக்குளிப்பின் உரிமை யாருக்கு என்ற போட்டியே அந்த உதவி தேட வைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வயிற்றுக்கான கவலையில் தொடங்கியது விசுவாசமாய் வேரூன்றி, பின்பு 1658இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்க முனைந்தபோதும் அசையாமல் நின்றது. ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1713இல், சேசுசபைக் குரு மான்சி அவர்கள் இன்றுள்ள பனிமய மாதா ஆலயத்தை எழுப்பி முடித்தார் என்றால் அம்மக்களின் உறுதியை என்னென்பது! ஆங்கிலேயர் கைக்கு நகரம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது 1825இல்.

முத்துக்குளிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுவோம். இளைய தலைமுறை அதைப் பார்த்ததே இல்லை. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தொல்லாயிரம் பார் என்ற பெயரைத் தூத்துக்குடிப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். சிப்பி முதிர்ந்துவிட்டது என்று அரசு அறிவித்தால்தான் குளிப்பு. தோணியிலிருந்து, காலில் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, இடுப்பில் பையுடன் குளிகாரர் இறங்குவார். கண்ணாடியும் கிடையாது, மூச்சுக்குழலும் கிடையாது. ஒரு மூச்சில் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்தால், மேலே நிற்பவர் இழுப்பார். அவருடைய கையில்தான் கீழே இருப்பவரின் உயிர். ஆகவே கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் உறவுக்காரராகவே இருப்பார் என்பர்.

உயிரைப் பணயம் வைத்து எடுத்ததில் யாருக்கு எவ்வளவு? மார்க்கோ போலோவின் கணக்குப்படி, அரசனுக்குப் பத்தில் ஒரு பாகம். சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைத்தவருக்கு இருபதில் ஒரு பாகம். ஆங்கிலேயர் காலத்திலோ பெரும்பாலும் மூன்றில் இரண்டு பாகம் அரசுக்கு, ஒரு பாகமே குளித்தவர்களுக்கு. சுறாவை மந்திரத்தால் கட்டியவர் கேட்டதைவிட, மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதியவர் அதிகம் கேட்டார் என்பது நம் எண்ணம்! 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே இக்கரையில் கடைசி. அதன் பின் பார்களில் சிப்பி முன்போல் விளையவில்லை. 1973இல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் செயற்கையாகக் கருவை வைத்து முத்தை விளைவித்துக் காட்டினர். ஆராய்ச்சி வென்றது, ஆனால் கடலில் குளித்துப் பிழைத்த தொழில் திரும்பி வரவில்லை. சங்குக்குளிப்பு மட்டும் மிஞ்சியது. வங்காளத்துச் சுமங்கலிகளின் கைவளைக்கு நம் கடற்சங்கே போயிற்று என்பது பலருக்குப் புதுச் செய்தியாய் இருக்கும்.

முத்து குறைந்த இடத்தைப் பஞ்சும் உப்பும் நிரப்பின. 1876 புத்தாண்டு நாளில் இரயில் வந்தது. கரிசல் காட்டுப் பருத்தி மூட்டை மூட்டையாய் வந்து இறங்கியது. 1888இல் ஹார்வி கம்பெனியார் கோரல் மில்லைத் தொடங்கினர். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை கொழும்புக்குப் போவோர் இங்கேதான் கப்பலேறினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழை எளியவர்கள் தட்டப்பாறை முகாமில் காத்துக்கிடந்து போனதும் இவ்வழியே. அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களுக்குத் துணை நின்றார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது வார விடுமுறை. ஞாயிறு பூசைக்கு நிம்மதியாய்ப் போகும் நாம், அந்த ஓய்வு யாரோ பட்டினி கிடந்து பெற்றது என்பதை அறிந்திருத்தல் நல்லது. அவர்கள் வென்றனர். வ.உ.சி.யோ மார்ச் 12இல் கைதாகிச் சிறையில் செக்கிழுத்தார். கம்பெனி அழிந்தது. 1936இல் அவர் கண்மூடியதும் தூத்துக்குடியில்தான். பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர் கிடைத்தது 2011இல்.

இத்தனை செல்வம் வந்தும் நகருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் உப்பு நிலம், கிணறெல்லாம் உவர். இரயிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய காலமும் உண்டு. இந்தத் துன்பத்தைத் தீர்த்தவர் நம் கத்தோலிக்கப் பெருமகன் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. நகரசபைத் தலைவராய்ப் பலமுறை இருந்த அவர், விடாமுயற்சியால் 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவந்து சேர்த்தார். மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார். கோபுரம் கட்டினவரை நாடு புகழும். தண்ணீர் கொண்டுவந்தவரை அவர் ஊரார்கூட மறந்துவிடுவது வழக்கம். நல்லவேளையாக, தூத்துக்குடி அவரை மறக்கவில்லை. சிலையும் மணிமண்டபமும் வைத்திருக்கிறது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். நகரம் வளர வளர அதே தாமிரபரணியைத்தான் ஆலைகளும் கேட்கின்றன, கீழே நம் பக்கத்து வாழையும் நெல்லும் கேட்கின்றன. ஆறோ ஒன்றுதான்.

ஆழமில்லாக் கடலாதலால் பழைய துறைமுகத்தில் பெருங்கப்பல் கரைக்கு வர இயலாது. மைல்கணக்கில் தள்ளி நிற்கும். தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. இக்குறை தீர, 1964 நவம்பரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இருபுறமும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பினர். 1974 ஜூலை 11இல் இது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. துறைமுகம் வந்ததும் ஆலைகள் தொடர்ந்தன. 1975இல் ஸ்பிக் உரத் தொழிற்சாலை, 1979 முதல் அனல் மின் நிலையம். முத்தையாபுரம் பக்கம் போகும் நம் பேருந்து அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்தே ஊர் வந்துவிட்டதை அறிகிறது. 2008 ஆகஸ்டு 5இல், பனிமய மாதா திருநாளன்றே, நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. 2025இல் விமான நிலையப் புதிய முனையமும், சிலாநத்தத்தில் வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. நமக்கு இன்னும் அருகே, குலசேகரன்பட்டினத்தில் இராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று.

வளர்ச்சிக்கு விலையும் கொடுத்தோம். சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப் பாறைகளை வண்டி வண்டியாய் வெட்டியெடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிப்போயின. அவற்றுள் விலங்குசல்லி நம் தூத்துக்குடித் தீவு. 2018 மே 22இலும் மறுநாளும் தாமிர ஆலையை எதிர்த்துப் போராடிய மக்கள் மீது போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அந்த வாரமே ஆலை மூடப்பட்டது. திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆலை மூடியதால் வேலை இழந்தோரும் நம்மில் உண்டு, புகையால் நோயுற்றதாகச் சொல்வோரும் உண்டு. இரு வீட்டாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்கிறோம். ஆனால், வேலை போனவருக்கு வேறு வேலை தேடலாம். போன உயிருக்கு அப்படியில்லை என்பதை இருவருமே ஒப்புவர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், நகரத் தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றதும் நாம் கண்ணால் கண்டவை. தண்ணீர் போகும் வழியை அடைத்துக் கட்டிய கட்டடங்களை அன்று எல்லோரும் சபித்தார்கள். பிறகு மறந்தார்கள்.

உப்பைச் சொல்லாமல் தூத்துக்குடியைச் சொல்ல முடியாது. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்புக்குப் பெயர்பெற்றது நம் மாவட்டம். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து நீர் கட்டினால், வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். விடியுமுன்னே ஆணும் பெண்ணும் இறங்கி, பலகையால் வாரிக் கரையில் சேர்க்கின்றனர். அந்த வெள்ளை நிலத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். கண்ணுக்கும் காலுக்கும் வரும் உபாதை சொல்லி மாளாது. ஐப்பசி மழை வந்தால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்தது. ஒரு குடும்பம் மூன்று மாதம் அதில் எப்படி ஓட்டும் என்பதைப் பழையகாயல் பக்கத்து உறவுக்காரரைக் கேட்டால் சொல்வார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் மாதா கோவில். 1555இல் மணிலாவிலிருந்து வந்து சேர்ந்ததாய்ப் போற்றப்படும் அன்னையின் சொரூபத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் முடியும் பெருவிழாவுக்கு நம் வட்டாரத்திலிருந்து நடந்து போவோரும் உண்டு. 1806இல் முதன்முதலாக ஓடிய தங்கத்தேரோ ஆண்டுதோறும் ஓடுவதில்லை. முக்கிய ஆண்டுகளில் மட்டுமே. 2013இல் ஓடியது, மறைமாவட்டத்தின் நூற்றாண்டான 2023இல் மீண்டும் ஓடியது. 1923இல் இம்மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராகப் பொறுப்பேற்ற திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, தற்காலத்தில் இலத்தீன் ரீதியில் இந்தியர்களுள் முதல் ஆயர். அவர் பெயரில் கடற்கரைப் பக்கம் ஒரு பூங்காவே இருக்கிறது. பிள்ளைகளை விளையாட விட்டு உட்கார ஏற்ற இடம்.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தால், ஒல்லாந்தர் 1750இல் கட்டிய கோவிலையும், பழைய துறைமுகத்தில் தோணிகள் சரக்கேற்றுவதையும் காணலாம். மாலையில் முயல்தீவுப் பக்கம் காற்று நன்றாக வரும். திரும்பும்போது ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்க மறவாதீர்கள். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது. பறங்கியர் விட்டுப்போன பலகாரம் என்று நகரத்தார் சொல்வர். மழைக்காலத்தில் வாங்கினால் அன்றே தின்றுவிட வேண்டும். ஈரக்காற்றுப் பட்டால் சாத்தான்குளம் வந்து சேருமுன் இளகிவிடும்.