குழந்தை மருத்துவமும் சங்கத் தலைமையும்

குழந்தையென்பது வளர்ந்தோரின் சிற்றுருவன்று. அதற்கெனத் தனியியல்பும் தனிநோயும் உள என்பதை நம்முன்னோர் பண்டே உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் செங்கீரை, தால், சப்பாணி, வருகை எனப் பருவந்தோறும் குழந்தையின் வளர்ச்சியைப் பகுத்துக் கண்டனர். சித்த மருத்துவர் பாலவாகடம் என்னுந் தனித்துறை வகுத்தனர். எனினும் அவ்வறிவு பெரும்பாலும் பரம்பரைக் குடும்பங்களுள்ளே ஒடுங்கிக் கிடந்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் ஆராயவும், பிழை கண்டவிடத்துத் திருத்தவும் ஏற்ற பொதுமன்றம் எழவில்லை. அக்குறையை நிறைவு செய்ய எழுந்தவையே தற்கால மருத்துவச் சங்கங்கள்.

மேனாட்டிலும் இவை நெடிய வரலாறுடையன அல்ல. ஆபிரகாம் யக்கோபியை முதற்றலைவராகக் கொண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 1888இல் தோன்றியது. பிரித்தானியச் சங்கம் 1928இல் எழுந்தது. ஜோர்ஜ் பிரடெரிக் ஸ்ரில் அதன் முதற்றலைவரானார். குழந்தை மருத்துவம் பொது மருத்துவத்தின் ஒரு பின்னிணைப்பன்று என்பதை நிலைநாட்டியமையே இச்சங்கங்களின் முதற் பணியாகும்.

நம் நாட்டில் இதன் தேவையை உணர்த்தியது பெருந்துயரமே. 1934–35ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்கள் பெரிதும் வாடின. மாண்டோருட் பெருந்தொகையினர் குழந்தைகள். 1935இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன.

இத்தகைய நாட்டிலேதான் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் குழந்தை மருத்துவப் பேராசிரியராகச் சி. சி. டி சில்வா பொறுப்பேற்றார். இலங்கைக் குழந்தை மருத்துவச் சங்கமும் உருவாயிற்று. பின்னர் அது தனக்கென ஓர் ஆய்விதழைக் கண்டது. 1990களிற் குழந்தை மருத்துவ வல்லுநர் கல்லூரியாக உயர்ந்தது. 1962இற் பேராதனையில் மருத்துவபீடம் நிறுவப்பட்டதும், அதுகாறும் கொழும்பையே சார்ந்திருந்த மருத்துவக் கல்வி மலைநாட்டிலும் கால்கொண்டது.

இனி ஓர் உண்மையை மறைத்தலாகாது. 1946இல் 141ஆக இருந்த சிசு மரண விகிதம் 1947இல் 101ஆகக் குறைந்தது. அப்பொழுது குழந்தை மருத்துவப் பேராசிரியர் பதவியுமில்லை, சங்கமுமில்லை. மலேரியா ஒழிப்பும், 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரின் உழைப்பும் அவ்வீழ்ச்சிக்கு வழிகோலின. ஆயின் சங்கத்தாற் பயனென்னை என வினவலாம். மருத்துவமாது குழந்தையை வாயில்வரை காத்துக் கொணர்கின்றாள். அதற்கப்பாற் குறைமாதத்திற் பிறந்த மகவையும், பிறவிக் குறையுள்ள மகவையும் காத்தற்கு நுண்ணறிவு வேண்டும். அவ்வறிவை வளர்த்துப் பகிர்ந்தளிப்பது சங்கம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குவன. இன்று அவ்விகிதம் பத்துக்குக் கீழே நிற்கின்றது.

எனினும் சராசரி எண் எல்லாவற்றையும் கூறிவிடாது. தேயிலைத் தோட்டங்களிற் சிசு மரணம் நெடுங்காலம் நாட்டுச் சராசரியை விஞ்சியே நின்றது. உணவுப் பஞ்சம் நிலவிய 1974ஆம் ஆண்டளவில் அது ஆயிரத்துக்கு நூறைக் கடந்தது. கொழும்பிற் பேராசிரியர் பதவி இருபதாண்டுக்கு மேலாக இருந்தும், லயன் அறையிற் பிறந்த மகவுக்கு அவ்வறிவின் பயன் முழுமையாக எட்டவில்லை. வறுமையும், தோட்ட வைத்தியம் அரசின் பொதுச் சேவைக்குப் புறம்பாக நடந்தமையும் அதற்குக் காரணங்களாம்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவழியில், அக்குறணைக்கு அப்பால் உள்ளது அலவத்துகொட. நள்ளிரவிற் காய்ச்சலுற்ற மகவைத் தோளிலிட்டு அங்கு வழியோரம் நிற்கும் தாய், எச்சங்கத்தின் தலைவர் யாரென அறியாள்; அறியவேண்டியதும் இல்லை. அவள் முதலிற் காணும் வைத்தியர் செய்யவேண்டியதைத் தெளிவாக அறிந்திருப்பாராயின், தலைமை தன் கடனைச் செய்ததென்க. மருத்துவத்துறை புகவிருக்கும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.