சிங்கத்தின் வாயில் போட்ட கடிதங்கள்

மூணு வாரமா எபிசோட் வரலை. ஆபீஸ்ல ரிலீஸ் டைம்னு சொல்லியிருந்தேன். அது பாதி உண்மைதான். மீதி என்னன்னா, பேச ஒண்ணும் கிடைக்கலை. போன்ல ஒரு ஐடியா லிஸ்ட் வச்சிருக்கேன், 60 வரிக்கு மேல இருக்கும். ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் அதைத் திறப்பேன், மேலேர்ந்து கீழே ஓட்டுவேன், மூடிடுவேன். போன வாரம் "இதோட கடையைச் சாத்திடலாமா"ன்னு கூடத் தோணுச்சு.

அப்போதான் ஒரு கேள்வி வந்தது. வாரம் ஒண்ணுக்கே நமக்கு நாக்கு தள்ளுதே, தினமும் எழுதினவங்க என்னதான் பண்ணாங்க? இன்னைக்கு அந்தக் கதைதான்.

1709 ஏப்ரல், லண்டன். ரிச்சர்ட் ஸ்டீல் 'டாட்லர்'னு ஒரு பத்திரிகையைத் தொடங்குகிறார். வாரத்துக்கு 3 நாள், ஒரே ஒரு தாள். விஷயத்துக்கு எங்கே போவது? முதல் இதழிலேயே அவர் ஒரு ஏற்பாட்டைச் சொல்லிடறார். பொழுதுபோக்கு, காதல் சமாச்சாரம் எல்லாம் வைட்ஸ் சாக்லேட் ஹவுஸிலிருந்து வரும். கவிதை வில்ஸ் காபி ஹவுஸிலிருந்து, படிப்பு சம்பந்தப்பட்டது கிரீஷியனிலிருந்து, செய்தி செயின்ட் ஜேம்ஸிலிருந்து. மத்ததெல்லாம் 'என் சொந்த அறையிலிருந்து'.

நம்ம பாஷையில சொன்னா, அஞ்சு ஃபோல்டர். ஆனா ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு இடம், அங்கே ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. "இன்னைக்கு எதைப் பத்தி எழுதறது"ங்கற கேள்வி, "இன்னைக்கு எங்கே போய் உட்கார்றது"ன்னு மாறிடுது. இரண்டாவது கேள்விக்கு எப்பவும் பதில் இருக்கும். டாட்லர் 271 இதழ்கள் வந்தது.

அது நின்ற இரண்டே மாதத்தில், 1711 மார்ச் 1 அன்று, ஸ்டீலும் அவருடைய பள்ளிக்கால நண்பர் ஜோசப் அடிசனும் சேர்ந்து 'ஸ்பெக்டேட்டர்' தொடங்கினார்கள். ஞாயிறு மட்டும் லீவு, மத்த எல்லா நாளும் ஒரு கட்டுரை. விலை ஒரு பென்னி. அடுத்த ஆண்டு டிசம்பர் 6 வரை 555 இதழ்கள். ஆளுக்குக் கிட்டத்தட்ட 250 கட்டுரை எழுதியிருக்காங்க!

இந்தத் தடவை இடங்களோட ஆட்களையும் சேர்த்தாங்க. மிஸ்டர் ஸ்பெக்டேட்டர்னு ஒரு கற்பனை மனிதர். எல்லா இடத்துக்கும் போவார், எல்லாத்தையும் பார்ப்பார், வாயே திறக்க மாட்டார். அவருக்கு ஒரு நண்பர் குழு: கிராமத்து நிலப்பிரபு சர் ரோஜர், வியாபாரி சர் ஆண்ட்ரூ, வயசானாலும் மைனர் வேஷம் குறையாத வில் ஹனிகோம்ப், ஒரு ராணுவ கேப்டன், சட்டம் படிக்கிற ஒருத்தர், ஒரு பாதிரியார். 'பணம்'னு ஒரு வார்த்தையை இவங்க நடுவுல போட்டுப் பாருங்க. நிலப்பிரபு ஒண்ணு சொல்வார், வியாபாரி வேறொண்ணு சொல்வார். கட்டுரை தானா நடக்கும்.

சரி, என் லிஸ்ட் பிரச்சினைக்கு வருவோம். மிஸ்டர் ஸ்பெக்டேட்டர்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருந்தது! 46-வது இதழில் அடிசன் அந்தக் கதையைச் சொல்கிறார். குறிப்புகள் எழுதி வச்ச தாளை லாயிட்ஸ் காபி ஹவுஸில் தவற விட்டுடறார். யாரோ எடுத்து, கடைப் பையனை ஏலம் போடற மேடையில ஏத்தி, சத்தமா வாசிக்க வைக்கறாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத வரிகள். கடை முழுக்கச் சிரிப்பு. எழுதினவன் பைத்தியமா இருப்பான்னு சிலர் முடிவு பண்ணிடறாங்க. நம்ம ஆள் முகத்துல எதையும் காட்டாம தாளை வாங்கி, முறுக்கி, அதாலேயே பைப் பத்த வச்சுக்கறார்.

லிஸ்ட் போச்சு. ஆனா அன்னைக்கு இதழ் நிக்கலை. தொலைந்த கதையே கட்டுரையாச்சு. மீதி இடத்தை இரண்டு கடிதங்களை வச்சு நிரப்பிட்டார்.

கடிதம்தான் அவங்களோட பெரிய ஊற்று. ஸ்பெக்டேட்டரில் வாசகர் கடிதம்னு வருவதில் சிலது ஆசிரியர்களே எழுதிக்கிட்டது, பலது திருத்தினது. ஆனா நிஜக் கடிதங்களும் வந்து குவிஞ்சது. 1713-ல் ஸ்டீல் ஆரம்பிச்ச 'கார்டியன்' பத்திரிகைக்காக, கோவென்ட் கார்டன் பக்கத்துல பட்டன்ஸ் காபி ஹவுஸில் ஒரு சிங்கத்தலையையே வச்சாங்க. அதன் வாயில் கடிதத்தைப் போட்டா கீழே இருக்கிற பெட்டிக்குள் விழும். வாரம் ஒரு தடவை சிங்கத்தின் கர்ஜனையை வெளியிடறதா அடிசன் அறிவிச்சார். இன்னொரு விஷயம்: டாட்லருக்கும் ஸ்பெக்டேட்டருக்கும் வந்து, அச்சில் வராமப் போன கடிதங்களை மட்டும் சேர்த்து, 1725-ல் சார்ல்ஸ் லில்லிங்கற வாசனைத் திரவிய வியாபாரி இரண்டு தொகுதி போட்டார். மிச்சம் மட்டுமே இரண்டு தொகுதி!

இங்கேதான் எனக்கு உறைச்சது. தினம் எழுதறவனுக்குத் தலைக்குள்ள கிணறு இருக்கும்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. இவங்க வாய்க்கால் வெட்டி வச்சாங்க. இடம், ஆட்கள், கடிதம்னு மூணு பக்கமும் தண்ணி வர வழி. என் 60 வரியும் நான் தனியா உட்கார்ந்து எழுதினது. அதுல யார் குரலும் இல்லை.

எனக்கும் ஒரு சிங்கத்தலை இருக்கு. ஷோவோட மெயில் ஐடி. ஒவ்வொரு எபிசோட் முடிவுலயும் "எழுதுங்க, எழுதுங்க"ன்னு கத்தறேன். உண்மையைச் சொல்லணும்னா, அதைத் திறந்து எட்டு மாசம் ஆச்சு. நேத்து திறந்தேன். மார்ச்ல ஒருத்தர் எழுதியிருக்கார்: அவங்க தாத்தா தந்தி ஆபீஸ்ல வேலை பார்த்தவராம். 2013 ஜூலையில தந்திச் சேவையை நிறுத்தினப்போ, அன்னைக்குப் பூரா தாத்தா யார்கூடவும் பேசலையாம். "தந்தி பத்தி ஒரு எபிசோட் போடுவீங்களா?"ன்னு கேட்டிருக்கார்.

என் லிஸ்ட்ல தந்தி இல்லவே இல்லை.

எழுதினவருக்கு: தாமதத்துக்கு மன்னிச்சிடுங்க. பதில் போட்டிருக்கேன், பாருங்க. தாத்தா பேசச் சம்மதிச்சா, அடுத்த வாரம் இந்த மைக் அவருக்குத்தான்.