கப்பல் மாதிரி செய்தல்

உண்மையான கப்பலின் வரைபடத்தைக் கொண்டு, அதே விகிதத்தில் சிறிய கப்பலைக் கையால் கட்டும் பொழுதுபோக்குக் கலை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தின் கடற்படைக்காகப் பெரும்பாலும் 1:48 அளவில் மாதிரிகள் செய்யப்பட்டன. விலா எலும்பு போன்ற சட்டங்களான வங்குகள் தெரிவதற்காக அவற்றின் அடிப்பகுதியில் பலகை அடிக்காமல் விட்டார்கள். நெப்போலியன் காலப் போர்களின்போது இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் சிறையிலிருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல் செய்து சந்தையில் விற்றனர். இக்கலையின் மிக வியப்பான படைப்புகள் அவையே. பல இன்று பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

கப்பலின் அடிமரமான ஏராவை நிறுத்தி, வங்குகளைப் பொருத்தி, நீரில் ஊறவைத்து வளைத்த மெல்லிய மரப்பட்டிகளை அவற்றின்மேல் ஒட்டுவது வழக்கமான முறை. பாய்மரக் கயிறுகளுக்கான நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும். விகிதம் சிறுத்தால் வேலை எளிதாகாது: சுமார் 69 மீட்டர் நீளமுள்ள ‘விக்டரி’ போர்க்கப்பல் 1:96 அளவில் 72 சென்டிமீட்டர்தான்; கயிறுகளோ நூற்றுக்கணக்கில். புதிதாகத் தொடங்குவோர் அதைத் தொடாமல், ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை முதலில் முடிப்பதே நல்லது.