போலி இரைக்குத் தகடு வெட்டுவது எப்படி? தூண்டில்காரர்கள் அறிந்திருக்க வேண்டியவை

தஞ்சோங் டாவாய் என்றதும் பலருக்கு நெத்திலியும் பெலாச்சானும்தான் நினைவுக்கு வரும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கும் இந்த மீனவ ஊரிலிருந்து படகில் ஏறினால் எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. தூண்டில்காரர்களுக்கோ இந்த ஆறு சியாக்காப் மீனுக்கும் கெராப்புக்கும் பேர்போனது. ஆனால் மீன் ஒதுங்குவது சதுப்புநிலக் காட்டின் வேர்களுக்கு இடையில். அங்கே வீசும் போலி இரை, மலாய்க்காரர்கள் 'கேவாங்' என்று சொல்வது, வேரில் மாட்டினால் நரம்பை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஒரே நாளில் இரண்டு மூன்றைப் பறிகொடுத்தவர்கள் வீட்டிலேயே செய்யலாமா என்று யோசிப்பது இயல்பு.

மரத்தைச் செதுக்குவது எளிது. தடுமாற்றம் தகட்டு வேலையில்தான் வரும். நீரில் சுழலும் இலை, நெளிந்து நீந்தும் கரண்டி, மர மீனின் வாயில் செருகும் உதடு ஆகிய மூன்றும் மெல்லிய தகட்டிலிருந்து வெட்டப்படுபவை.

கரண்டி என்பது வெறும் உவமை அல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ புயெல் 1852-இல் இத்தகைய இரைக்குக் காப்புரிமை பெற்றார். கரண்டி ஏரியில் விழுந்ததும் மீன் பாய்ந்து கவ்வியதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்றும் இதுவே நல்ல வழி: பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை அறுத்துவிட்டு, இரண்டு முனைகளிலும் துளை போட்டால் இரை தயார்.

தகட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எடையைக் கவனிக்க வேண்டும். ஒரே அளவில் வெட்டினாலும் பித்தளை அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். தோட்டத்துக் குட்டையில் விராலுக்கு வீசும் ரப்பர் தவளையின் பின்னால் சுழலும் இலைக்கு அலுமினியம் போதும். ஆழத்தில் இறங்க வேண்டிய கரண்டிக்குப் பித்தளை. உப்பு நீரில் உதட்டுக்கு எவர்சில்வர். இலைக்கு அரை மில்லிமீட்டர் முதல் 0.8 வரை, உதட்டுக்கு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை தடிப்பு சரியாக வரும். குளிர்பான டின் மிக மெல்லியது. அளவு பார்க்கும் அச்சாகத்தான் உதவும். பிஸ்கட் டின் உப்பு நீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பழைய லயத்துக் கூரையின் ஜிங் தகரம் கையில் கிடைத்தாலும் அதை நெருப்பில் காட்டாதீர்கள். மேற்பூச்சாக உள்ள துத்தநாகம் புகையாகக் கிளம்பும்; சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். வளைப்பதற்காகச் சூடாக்கி இளக்க வேண்டுமென்றால் பித்தளையை அல்லது செம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வெட்டும் முறை. அட்டையை இரண்டாக மடித்து, பாதி உருவத்தை மட்டும் வரைந்து வெட்டிப் பிரித்தால் இரு பக்கமும் ஒத்திருக்கும். ஒரு பக்கம் பெருத்தால் உதடு இரையைச் சாய்த்து இழுக்கும். அச்சைத் தகட்டில் வைத்து ஆணியால் கீறிக்கொள்ளுங்கள்.

பலர் உருவத்தை வெட்டிய பிறகே துளை போடுகிறார்கள். இது ஆபத்து. விரலால் பிடித்த சிறு துண்டு டிரில்லில் சிக்கினால் கத்தியாகச் சுழன்று கையைக் கிழித்துவிடும். தகடு பெரிதாக இருக்கும்போதே பலகையோடு இறுக்கி, துளையை முதலில் போட வேண்டும். எவர்சில்வர் என்றால் ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான வேகம், நல்ல அழுத்தம். வேகம் கூடினால் தகடு இறுகி டிரில் முனைதான் மழுங்கும்.

கடையில் தகரக் கத்தரி மூன்று நிறப் பிடிகளில் கிடைக்கும். மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்க வளைவுக்கு. ஒரு மஞ்சளை வைத்துக்கொண்டு வட்டம் வெட்டப் போராடுகிறவர்கள் ஏராளம்! கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டு முதலில் வெட்டி, பிறகு கோட்டோடு சீவுங்கள். ஒவ்வொரு முறையும் கத்தரியை முழுதாக மூடினால் முனை பட்ட இடத்தில் பிசிறு விழும். சிறு வளைவுகளுக்கு நகை வேலை செய்பவர்களின் மெல்லிய ரம்பம் இன்னும் நல்லது. பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். டிரில் ஓடும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடுங்கள், அது சுழலில் சிக்கும்.

மீனைக் கரை சேர்ப்பதும் நழுவ விடுவதும் விளிம்பைப் பொறுத்தது. கூர்மையான விளிம்பு, போராடும் மீனின் இழுப்பில் நரம்பைச் சிறிது சிறிதாக அரிந்துவிடும். அரத்தால் இரு பக்கமும் ராவி, உப்புத்தாளால் தேய்த்த பின் ஒரு பஞ்சை விளிம்பில் இழுத்துப் பாருங்கள். ஒரு இழை ஒட்டினாலும் மறுபடி தேய்க்க வேண்டும். துளையின் உள்விளிம்பையும் மறக்க வேண்டாம்.

இலைக்குக் குழிவு கொடுக்க, ரப்பர் மரக் கட்டையில் சிறு பள்ளம் தோண்டி, தகட்டை அதில் வைத்து உருண்டை முனைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். அகன்ற வட்ட இலை மெதுவாகச் சுழன்று நீரை அதிர வைக்கும். கலங்கிய நீருக்கு அது ஏற்றது. ஒடுங்கிய இலை வேகமாகச் சுழலும்.

உதடு நீண்டு, படுத்த நிலையில் இருந்தால் இரை ஆழம் போகும். குட்டையாகச் செங்குத்தாக நின்றால் மேலாக நீந்தும். நீண்ட உதட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு. வேரில் முதலில் அதுதான் மோதும், முள் தப்பும். இழுக்கும்போது இரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்கு வளையத்தை மிகச் சிறிதளவு வளைத்தால் நேராகிவிடும்.

கறுத்துப்போன பித்தளைக்குப் புளி போதும், குத்துவிளக்குக்குத் தேய்ப்பது போலத்தான். வெட்டிய துணுக்குகளை மட்டும் தரையில் விடாமல் ஒரு டின்னில் போட்டு மூடி வையுங்கள். வீட்டில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருப்பார்கள்.