மருந்து என்று பேர் வைத்த விஷம்

நான் பத்தாவது வரைதான் படித்தவள். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுன்னு தலைவி அக்கா சொன்னப்போ ராஜா கதை எதுவும் ஞாபகம் வரல. எங்க ஆச்சி வீட்டு அரிசி டின்தான் ஞாபகம் வந்தது.

அது பருத்திக்கு அடித்த பூச்சி மருந்து டின். தாத்தா கரிசல் காட்டில் குத்தகைக்குப் பருத்தி போட்ட காலத்தில் வாங்கினது. ஆச்சி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அரிசி கொட்டி வைத்திருந்தாள். மூடி இறுக்கம், எலி நுழையாது. ஒரு பக்கத்தில் சிவப்பு முக்கோணமும் மண்டை ஓடும் பாதி அழிந்து தெரியும். கேட்டால், "மருந்து டின்தானட்டி, விஷமா என்ன?" என்பாள்.

ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. 1939-ல் ஸ்விட்சர்லாந்தில் பால் முல்லர் என்பவர் டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் மருத்துவத்துக்கான பரிசு! சுதந்திரம் வந்த சமயம் நம் நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் பேர் சாவு. 1953-ல் தேசிய மலேரியா திட்டம் வந்தது. ஆச்சி சின்னப் பிள்ளையா இருக்கும்போது, மலேரியாக்காரங்க வந்து சட்டி பானையை எல்லாம் வெளியே வைக்கச் சொல்லி, வீட்டுச் சுவர் பூரா அடிச்சுட்டுப் போவாங்களாம். 1965 வாக்கில் நோயாளிகள் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். அப்புறம் கொசு அதற்குப் பழகி, 1976-ல் மறுபடி 64 லட்சம் ஆனது வேறு கதை. ஆனால் மருந்து என்ற நம்பிக்கை மட்டும் ஜனங்க மனசில் தங்கிவிட்டது. (வெடிமருந்தையும் நாம் மருந்துன்னுதானே சொல்றோம்!)

வீட்டுச் சுவரில் இருந்து அது காட்டுக்குப் போனது. நம்ம கரிசலுக்கே உரியது கருங்கண்ணிப் பருத்தி. மானாவாரியில் மழையை மட்டும் நம்பி வரும். பிறகு நீள இழை ரகங்கள் வந்ததும் காய்ப்புழுவும் கூட வந்தது. பாலிடால், எண்ட்ரின் எல்லாம் ஊர் ஊராக வந்தன. 1990-களில் நாட்டின் விளைநிலத்தில் இருபதில் ஒரு பங்குதான் பருத்தி, ஆனால் அடித்த மருந்தில் ஏறக்குறைய பாதி அதற்குத்தான். நம்மாழ்வார் ஐயா 1960-களில் வேலை பார்த்தது நம்ம கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில். வானம் பார்த்த ஏழை விவசாயிக்கு இவ்வளவு செலவு பிடிக்கிற வழி எதுக்குன்னு மனசு கேக்காம வேலையை விட்டுட்டார்.

சட்டம் வந்ததும் சாவுக்குப் பிறகுதான். 1958-ல் கேரளாவுக்கு வந்த கப்பலில் உணவுச் சரக்கோடு பாலிடாலும் இருந்தது. அது ஒழுகிக் கோதுமை மாவில் கலந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1968-ல்தான் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை அடையாளம் அதன்பிறகு வந்ததுதான். சிவப்பு என்றால் கடும் விஷம்.

கடல்காரங்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. வைப்பாறு சாத்தூர் பக்கம் இருந்து கரிசல் வழியா வந்து நம்ம ஊரில்தான் கடலில் சேருது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு, காட்டில் அடிச்சது ஓடை வழியா ஆத்துக்கு வரும். எண்ட்ரினும் எண்டோசல்பானும் மீனுக்குப் பொல்லாத விஷம். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் இருபது வருஷத்துக்கு மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். பிள்ளைகள் ஊனமாய்ப் பிறந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தடை செய்தது.

எங்க அம்மா கதைக்கு வர்றேன். நான் ஏழாவது படிக்கும்போது, மாசி மாசம் அம்மா மிளகாய்ப் பழம் எடுக்கப் போனாங்க. முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தக் காட்டில் மருந்து அடிச்சிருக்காங்க, யாரும் சொல்லல. மத்தியானம் எச்சில் ஊறி, கண்ணு மங்கி, மூச்சு முட்டி வரப்பிலேயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மருந்து அடிச்சாங்க?"ன்னு கேட்டார். கூட வந்தவங்க எல்லாரும் சொன்ன ஒரே பதில், "மருந்துதான் சார்." காட்டுக்காரர் வீட்டுக்கு ஆள் ஓடி, காலி டப்பாவைக் கொண்டு வந்த பிறகுதான் எந்த வகைன்னு தெரிஞ்சது. இந்த வகை மருந்து நரம்பைப் பிடிக்கும், அதுக்கு மாத்து ஊசி உண்டு. எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் டாக்டருக்குச் சுலபம். அம்மா பிழைச்சாங்க. ஆனா அன்னைக்குக் கட்டியிருந்த சேலையை நான்தான் வெறுங்கையால் துவைச்சேன், மத்தவங்க துணியோட சேர்த்து. அதுவும் கூடாதுன்னு அப்போ யாருக்குத் தெரியும்?

2013 ஜூலை 16-ந்தேதி பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியான சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது சோதனையில் தெரிந்தது. பூச்சி மருந்து டப்பாவில் எண்ணெய் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். சமைத்த பெண்ணும் அதையே சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த மருந்தின் திரவ வகைக்குத் தடை உத்தரவு வந்தது 2023-ல்.

பீகார் செய்தியை டிவியில் பார்த்த மறுநாளே ஆச்சி வீட்டுக்குப் போனேன். அரிசியை வெளியே கொட்டினோம். டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, நசுக்கி, ஊருணிக்கும் ஓடைக்கும் எட்டாத மேட்டில் குழி தோண்டினோம். ஆச்சி கம்பை ஊன்றிக்கிட்டு நின்னா. மண்ணைத் தள்ளும்போது, "நாப்பது வருஷம் எலி தொடாத டின்னுட்டி அது" என்றாள். கொஞ்ச நேரம் கழிச்சு, "எலி ஏன் தொடலன்னு இப்பல்லா தெரியுது" என்றாள்.